காய்ச்சலும் செத்த வீடும் ஒரே கிழமையில் வந்தால்

தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி. வாதம் வந்து படுக்கையில் கிடந்த மனுசியை இத்தனை காலம் புண் வராமல் பார்த்திருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய வேலை என்று ஆஸ்பத்திரி வாட்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் எழுதியதைச் சுருக்கி வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அம்மா சனிக்கிழமை இரவு மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் வீட்டிலேயே கண்ணை மூடிவிட்டா. எட்டு வயது மகனுக்கு வெள்ளி பின்னேரம் தொட்டுக் காய்ச்சல். மகளுக்குப் புதன்கிழமை உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம். அப்பா சீனி வருத்தக்காரர். கட்டாரில் இருக்கும் தம்பி “நான் வரும் வரைக்கும் பிரேதத்தை எடுக்க வேணாம்” என்கிறார். கொழும்பில் வேலை செய்யும் கணவர் வந்து சேர்ந்துவிட்டார். வியாழக்கிழமை பெண்கள் குழு லோனுக்குத் தவணை கட்டும் நாள். உங்களுக்கு அலுவலகத்தில் வருடக் கடைசிக் கணக்கு. இதில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று கேட்கிறீர்கள்.

மகனைப் பிடியுங்கள். மற்ற எல்லாவற்றையும் வேறு ஒருவர் செய்யலாம், அல்லது நாலு நாள் கழித்துச் செய்யலாம். அவனுடைய காய்ச்சலுக்கு மட்டும் அப்படித் தவணை இல்லை. நான் குழந்தைகள் வாட்டில் பல வருடம் நின்று ஓய்வு பெற்றவள். அதனால் இந்தப் பகுதியை நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடைக்காற்று மழை தொடங்கியதும் எங்கள் கரையோரம் முழுக்க டெங்கு ஏறும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், வேறு காரணம் தெரியும் வரை டெங்கு என்றே நினைத்து நடக்க வேண்டும். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அப்போது காப்பாற்றப்பட்ட பிள்ளைகளில் அனேகர் நேரத்துக்கு வாட்டுக்கு வந்தவர்கள்.

வெள்ளி பின்னேரம் தொடங்கிய காய்ச்சலுக்குத் திங்கள் காலை மூன்றாம் நாள். அன்றைக்கே முழு இரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். அதே திங்கள் அம்மாவை அடக்கம் செய்கிற நாளாகவும் இருக்கும். “எடுத்துப் போட்டு பின்னேரம் கொண்டு போவம்” என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். காலையில் பறை மேளம் வருவதற்கு முன்பே பிள்ளை களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும். நீங்கள் போக வேண்டியதில்லை, அம்மாவோடு இருங்கள். சின்னம்மாவோ உங்கள் கணவரோ போகட்டும். போகிறவர் மூன்று விசயத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்: காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், கடைசியாகச் சிறுநீர் போன நேரம், கொடுத்த மருந்து. பிள்ளை அண்மையில் வயல் தண்ணியிலோ வெள்ளத்திலோ இறங்கி விளையாடியிருந்தால் அதையும் சொல்லட்டும். எலிக்காய்ச்சலும் இந்த மாதங்களில்தான் வரும்.

இனி நான் அதிகம் பயப்படுகிற இடம். டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் விடுகிற நேரம். உடம்பு குளிர்ந்து, பிள்ளை கண் திறந்து பார்க்கும்போது வீட்டார் நிம்மதி அடைவார்கள். உள்ளேயோ இரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசியத் தொடங்கும். அந்தக் கட்டம் 24 மணித்தியாலத்தில் இருந்து 48 மணித்தியாலம் வரை நீளும். உங்கள் மகனுக்கு அது திங்களுக்கும் வியாழனுக்கும் இடையில் எப்போதும் வரலாம். அடக்கம் முடிந்து எல்லாரும் களைத்துப் படுக்கிற இரவும், அக்காவின் பரீட்சை நாளும் அதற்குள்தான் விழுகின்றன. “காய்ச்சல் விட்டுட்டு, சோதினை முடியட்டும்” என்று பிள்ளையை மறந்துவிட்டு, பிறகு கை கால் சில்லிட்ட நிலையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் பிள்ளைக்கென்று ஒரு ஆளை நிறுத்துங்கள். அந்த ஆள் தேத்தண்ணி ஊற்றவோ, கதிரை அடுக்கவோ, வருகிறவர்களுக்குக் கதை சொல்லவோ போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து அதே வளவில் இருத்துவதால் அம்மாவின் சகோதரிகள் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். பெரியம்மா, சின்னம்மா, அவர்களின் பிள்ளைகள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். “யாராவது பாத்துக்கொள்ளுங்க” என்று சொன்னால், மற்றவர் பார்க்கிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். பிள்ளையைச் செத்த வீட்டுக்குள் வைக்காமல் சின்னம்மா வீட்டில் படுக்க வையுங்கள், பகலிலும் வலைக்குள். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். வருகிறவர்களுக்கும் அவனிடம் இருந்து நுளம்பு வழியாகத் தொற்றக் கூடாது.

பனடோல் விசயம். செத்த வீட்டில் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரு குளிசை கொடுப்பார்கள். பத்து மணிக்குப் பெரியம்மா கொடுத்தது பன்னிரண்டு மணிக்கு வந்த மாமிக்குத் தெரியாது. அவன் தலைமாட்டில் ஒரு கலண்டர் தாளைத் தொங்கவிட்டு, கொடுத்த நேரத்தை எழுதுங்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு தரத்துக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஆகவே 500 மில்லிகிராம் குளிசையில் பாதி போதும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் வேண்டாம். அதற்கும் காய்ச்சல் முழுதாக இறங்காவிட்டால் இளஞ்சூட்டுத் தண்ணியில் துடையுங்கள். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினாக், மெபனாமிக் அசிட் எதையும் யார் தந்தாலும் கொடுக்காதீர்கள். பின்வழியாக வைக்கிற டைக்குளோபினாக் மருந்தும் அதில் அடங்கும். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். பப்பாசி இலைச் சாற்றையும் நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன். பிள்ளை சத்தி (வாந்தி) எடுத்தால் அது நோயாலா சாற்றாலா என்று வைத்தியர் குழம்ப வேண்டிவரும்.

குடிக்க, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனி, இளநீர், கஞ்சி, பால். வெறும் தண்ணியை மட்டும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். 20 கிலோ பிள்ளைக்கு நாள் முழுக்க எல்லாம் சேர்த்து ஒன்றரை லீற்றர் அளவு, சிறுகச் சிறுக. செத்த வீட்டில் சோடாப் பெட்டி வந்து இறங்கும். நெக்டோ போன்ற சிவப்புச் சோடாவும் கபில நிற மால்ட் பானங்களும் அவனுக்கு வேண்டாம். சத்தி எடுத்தால் இரத்தமா நிறமா என்று சொல்ல முடியாமல் போகும். ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால் அதுவே போதுமான அறிகுறி. வயிற்று நோவு, நிற்காத சத்தி, பல் முரசிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் குளிர்தல், வழக்கத்துக்கு மாறான நித்திரை அல்லது அந்தரம், இவற்றில் ஒன்று கண்டாலும் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990 சுவசெரியவைக் கூப்பிடுங்கள். அம்புலன்ஸ் இலவசம். இரத்தப் பரிசோதனையில் பிளட்லட் எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்குக் கீழே வந்தால், அல்லது ஒரு நாளில் கடகடவென்று இறங்கினால், பிள்ளை நன்றாகத் தெரிந்தாலும் வாட்டில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. வீட்டில் மரணம் நடந்திருக்கிறது, பார்க்க ஆள் குறைவு என்பதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் கவனிக்க முடியாத நிலை என்பது பிள்ளையை முன்கூட்டியே வாட்டில் எடுப்பதற்கு ஒரு காரணம். அப்படி எடுத்தால் நல்லதென்று எடுத்துக்கொள்ளுங்கள். பெத்தாவின் அடக்கத்துக்குப் பேரன் இல்லையே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பந்தம் பிடிக்க வேறு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஈர வேட்டியோடு மழையில் நிறுத்தும் சடங்கை அம்மா உயிரோடு இருந்தால் விட்டிருப்பாவா?

தம்பியின் விசயத்தில் என் கருத்து உங்களுக்குக் கசக்கலாம். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டிய மகன் தூர தேசத்தில் இருந்து அழுவது சின்னத் துயரம் இல்லை. ஆனால் டோகாவில் இருந்து கட்டுநாயக்கவுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து தரை வழியாகக் களுவாஞ்சிகுடிக்கு வந்து சேர, டிக்கெட் கையில் இருந்தாலே ஒரு நாள் போய்விடும். லீவும் டிக்கெட்டும் உறுதியாகி, திங்கள் பின்னேரத்துக்குள் வந்து சேர முடியும் என்றால் காத்திருங்கள். மலர்ச்சாலைக்காரரிடம் சொல்லி, பிரேதம் கெடாமல் இருக்க மருந்து ஏற்றி வைத்துக்கொள்ளலாம். “செவ்வாய் பார்ப்பம், புதன் ஆகலாம்” என்ற நிலை என்றால் திங்களே எடுத்துவிடுங்கள். பிரேதம் வீட்டில் இருக்கும் வரை பந்தல் நிரம்பியிருக்கும், இரவு முழுக்க ஆள் விழித்திருக்கும். புதன் வரை அதை நீட்டினால் பிள்ளையும் மகளும் அப்பாவும் சேர்ந்து விழுந்துவிடுவார்கள். வாவிக்கு அக்கரையில் மண்டூர்ப் பக்கத்து உறவுகள் குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவைப் படகில்) வந்து சேருகிற நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்து நேரம் வையுங்கள். மழை பலத்தால் அந்த அக்கரையான படுவான்கரையில் இருந்து வருகிறவர்கள் சுற்றித்தான் வர வேண்டும்.

தம்பிக்கு இந்த முடிவை அப்பா வாயால் சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் வருடக்கணக்கில் மனத்தாங்கலாகக் கிடக்கும். தகப்பன் சொன்னால் ஏற்றுக்கொள்வார். போனில் முகம் பார்க்க ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். வாய்க்கரிசி போடுகிற நேரத்தில் அவசரப்படாமல் அவருக்கு அம்மாவைக் காட்டுங்கள். அந்த லீவை எடுத்துக்கொண்டு முப்பத்தோராம் நாள் அமுதுச் சடங்குக்கு வரச் சொல்லுங்கள். அப்போது வந்தால் அப்பாவோடு நாலு நாள் இருக்கவும் முடியும்.

அப்பாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது போதவில்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சாப்பாடு வெளியில் இருந்து வரும், வருகிற நேரம் தெரியாது. மனுசியைப் பறிகொடுத்தவர் சாப்பிடவும் மாட்டார். ஆனால் பழக்கத்தில் காலைக் குளிசையை மட்டும் போட்டுவிடுவார். கிளிக்கிளசைட் போன்ற குளிசையையோ இன்சுலினையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி கீழே போகும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், சம்பந்தம் இல்லாத பேச்சு. பார்க்கிறவர்கள் துக்கத்தில் மயங்குகிறார் என்றே நினைப்பார்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுங்கள். கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள், தெளிந்ததும் சாப்பாடு. நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 1990. மறுபக்கம், வருகிற ஒவ்வொருவரோடும் சீனி போட்ட தேத்தண்ணி குடித்தால் பின்னேரத்துக்குள் சீனி ஏறிவிடும். ஆகவே பக்கத்து வீட்டில் ஒருவரிடம், நேரத்துக்கு அவருக்கு மட்டும் ஒரு பிடி சோறோ இடியப்பமோ கொண்டுவரச் சொல்லி வையுங்கள். சாப்பிட உட்கார்ந்த பிறகே குளிசையைக் கையில் கொடுங்கள். இன்சுலின் ஏற்றுகிறவர் என்றால் அளவை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம், கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

அவரை மயானத்துக்கு வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். சீனி வருத்தக்காரரின் காலில் முள் குத்தினால் தெரியாது. எங்கள் கடற்கரை மணலில் நெருஞ்சியும் போத்தல் துண்டும் கிடக்கும். செருப்போடு வந்தால் குற்றம் சொல்கிறவர் யாரும் அந்தக் காலுக்குப் பிறகு மருந்து கட்ட வர மாட்டார்கள். இரவில் பாதத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள்.

மகளைப் பரீட்சைக்கு அனுப்பலாமா, செத்த வீட்டுத் துடக்கு (தீட்டு) இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். அனுப்புங்கள். துடக்கு கோயிலுக்குத்தான், பரீட்சை மண்டபத்துக்கு இல்லை. ஊரில் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு பாடத்தை விட்டால் அதைத் திருப்பி எழுத ஒரு வருடம் போய்விடும். பெத்தாவின் மடியில் வளர்ந்த பிள்ளை, திங்கள் அடக்கத்துக்கு முழுதாக இருக்கட்டும், அழட்டும். “படிக்கப் போ” என்று அறைக்குள் தள்ளாதீர்கள். செவ்வாய் பின்னேரம் அவளைக் கூட்டாளி வீட்டுக்கோ, சத்தம் இல்லாத ஒரு உறவு வீட்டுக்கோ அனுப்பி அங்கே நித்திரை கொள்ள வையுங்கள். ஒலிபெருக்கியை அடக்கத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வீதியில் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் வேறும் இருப்பார்கள். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் இப்போதே ஒரு உறையில் போட்டு அவள் கையில் கொடுங்கள். சனம் நிறைந்த வீட்டில் காகிதம் காணாமல் போவது வழக்கம். வகுப்பாசிரியருக்கு ஒரு சொல் சொல்லி வையுங்கள். 2024 நவம்பர் கடைசியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையையே சில நாள் நிறுத்தி வைக்க வேண்டி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மழை மோசமானால் பரீட்சைத் திணைக்களத்தின் 1911, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இரண்டில் ஒன்றில் கேட்டு உறுதி செய்த பிறகு நடவுங்கள்.

காகித வேலை குறைவுதான். வீட்டில் நடந்த இயற்கை மரணம் என்பதால் கிராம சேவையாளரிடம் அறிவித்து அவருடைய அறிக்கையை எடுத்துக்கொண்டு, உங்கள் பிரிவின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதிய வேண்டும். இது கணவரின் வேலை. மூன்று மாதத்துக்குள் பதியலாம் என்றாலும் அவர் கொழும்புக்குத் திரும்ப முன்பே முடிப்பது நல்லது. போகும்போது அம்மாவின் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுபோய், பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியா என்று பார்த்துவிட்டே கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். அம்மாவின் பெயர் காணி உறுதியில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி இருந்தால் அதைப் பதிவாளரிடமே காட்டிக் கேளுங்கள். பிறகு திருத்தப் போனால் அலைச்சல் பெரிது. ஓய்வூதியமோ முதியோர் கொடுப்பனவோ அம்மாவுக்கு வந்துகொண்டிருந்தால் பிரதேச செயலகத்துக்கு அறிவிக்க வேண்டும், அந்தக் கணக்கில் இனி விழும் காசை எடுக்கக் கூடாது. இதெல்லாம் அடுத்த கிழமை. காணி, நகை, யாருக்கு எது என்ற கதையை யார் தொடங்கினாலும் முப்பத்தொன்று முடியட்டும் என்று சொல்லி எழும்பிவிடுங்கள், ஒரு தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

லோன் கட்டுக்கு வியாழன் வரை பார்த்திராமல் செவ்வாயே அந்த உத்தியோகத்தருக்குப் போன் எடுத்துச் செத்த வீடு என்று சொல்லுங்கள். குழுவில் உள்ள பெண்களுக்கும் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் பங்கை அவர்கள் போட்டால் பிறகு கொடுத்துவிடலாம். எட்டாம் நாள் சடங்குக்கும் அமுதுக்கும் என்று புதிதாக ஒரு சதம் கடன் எடுக்க வேண்டாம், வளையலை அடகு வைக்கவும் வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மரண உதவிச் சங்கத்தில் சந்தா கட்டியிருந்தால் அதன் காசு, கதிரை, தகரம், கூடாரம் எல்லாம் உங்களுக்கு உரித்து, கேட்டு எடுங்கள். எட்டு வருகிற சனிக்கிழமை வரும். மகன் வாட்டில் இருந்தாலும் இருப்பான். வளவுக்குள் உள்ளவர்களும் பாடை தூக்கினவர்களும் மட்டும் போதும். அம்மாவுக்குப் பிடித்த நாலு கறியைச் சமைத்துப் படைத்துவிட்டு விடுங்கள். ஊரைக் கூப்பிடுவதை அமுதுக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவும் கையில் உள்ள அளவுக்கு.

அலுவலகத்துக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். அரச சேவையில் வருடத்துக்கு 21 நாள் அமைய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் இருக்கிறது. எது எத்தனை மிச்சம் என்று பக்கத்து மேசைக்காரியிடம் பார்க்கச் சொல்லுங்கள். மகனை வாட்டில் எடுத்தால் வெளியேறும்போது தருகிற துண்டைப் பத்திரப்படுத்துங்கள், லீவுக்கு உதவும்.

பந்தல் வேலை முடிந்ததும் இரண்டு பொடியன்களைப் பிடித்து வளவைச் சுற்ற விடுங்கள். தறப்பாளில் தேங்கிய தண்ணி, பிளாஸ்டிக் கோப்பை, யோகட் கப், சிரட்டை, மலர்வளையம் வைத்த சட்டி எல்லாவற்றையும் அடக்கம் முடிந்த மறுநாளே கொட்டிக் கவிழ்க்க வேண்டும். முட்டை குடம்பியாகி நுளம்பாக ஒரு கிழமை போதும். எட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைக் கொடுத்துவிட வேண்டாம்.

உங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை நீங்கள். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டிய கை திடீரென்று சும்மா இருக்கும்போதுதான் உடம்பு விழும். எனக்குத் தெரிந்த மகள்மாரில் அனேகர் அடக்கத்தன்று உறுதியாக நின்று, பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் உடைந்தார்கள். அப்படி வந்தால் அதைப் பலவீனம் என்று நினைக்காதீர்கள். நித்திரை கிழமைக்கணக்கில் வராவிட்டால், அல்லது உயிரோடு இருக்கவே மனம் இல்லை என்று தோன்றினால் 1926க்கு எடுத்துக் கதையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

இப்போதைக்கு நீங்கள் நினைக்க வேண்டியது செவ்வாய் இரவு. அன்றிரவு மகனுக்குப் பக்கத்தில் சின்னம்மாவும் அப்பாவுக்குப் பக்கத்தில் உங்கள் கணவரும் படுக்கட்டும். வருகிறவர்களைப் பெரியம்மா பார்த்துக்கொள்வா. நீங்கள் எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திப் படுங்கள். ஏதும் என்றால் அவர்கள் எழுப்புவார்கள்.